பாடுகளில் வளர்கிறோம் என்கிறார்கள். அதை எதை வைத்து அறிவது?

கேள்வி: கல்லடிச் சகோதரி

அன்பானவர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நான் மட்டக்களப்பிலுள்ள கல்லடியில் வசிப்பவள். மெதடிஸ்த திருச்சபையிலே பிறந்து வளர்ந்து, 11 ஆண்டுகளாக ஞாயிறு பாடசாலையில் கற்பித்து வருகிறேன். கடந்த ஆண்டு மாசி மாதத்தில் என் கணவரைப் பக்கவாதம் தாக்கியது. வலது கையும் வலது காலும் விழுந்துபோயின, பேச்சும் நின்றுவிட்டது. நாம் சொல்வதையெல்லாம் விளங்கிக்கொள்கிறார். ஆனால் மறுமொழி சொல்ல முயலும்போது சொல் வெளிவராமல் கண்கள் மட்டும் கலங்குகின்றன. 16 மாதங்களாக அவரைத் தூக்கி இருத்துவதும், உடல் துடைப்பதும், கஞ்சி பருக்குவதும், படுக்கைப்புண் வராதபடி நடுச்சாமத்தில் எழும்பிப் புரட்டிப் படுக்கவைப்பதும் என் வேலையாக இருக்கின்றன. வேலையைப் பற்றி நான் முறையிடவில்லை.

எங்கள் வீட்டில் இரவு ஜெபத்தை நடத்தியவர் அவரே. பாயை விரித்து, ஒரு பாட்டுப் பாடி, ஒரு சங்கீதம் வாசித்து, அயலிலுள்ள நோயாளிகள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி நீளமாக ஜெபிப்பார். பிள்ளைகள் அதற்குள் தூங்கி விழுவார்கள். அவர் விழுந்த அன்றோடு அந்த ஜெபம் நின்றுவிட்டது. நான் நடத்தலாம் என்று பல தடவை பாயை விரித்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் அடைத்துப்போகிறது. தனியே இருக்கும்போதும் ஜெபம் வருவதில்லை.

பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் உரோமர் 5 ஆம் அதிகாரத்தையே சொல்கிறார்கள். ‘உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது’ என்ற வசனம் பொய்யென்று நான் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் என்னிடத்தில் அந்த வரிசை முதற்படியிலேயே நின்றுவிட்டது: உபத்திரவம் இருக்கிறது, பொறுமை பிறக்கவில்லை. போன கிழமை கஞ்சிக் கோப்பையை அவர் தட்டிவிட்டபோது சத்தம் போட்டேன். அவர் அழுதார்.

ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்கு வில்லியம் ஓல்ட் ஐயரின் வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பவள் நான். 1814 இல் இலங்கைக்கு வந்த முதலாவது மெதடிஸ்த மிஷனரிமாரில் ஒருவர். வரும் வழியில் கடலிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தோடு மட்டக்களப்பில் தனியாக வந்திறங்கிப் பள்ளிக்கூடங்களைத் தொடங்கி, ஏறத்தாழ எட்டு மாதங்களில், 1815 ஏப்ரல் 1 ஆம் திகதி இங்கேயே மரித்தவர். அவர் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் நிற்கிறது என்று சொல்லி அந்தப் பாடத்தை முடிப்பேன். இந்த ஆண்டு அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. 200 ஆண்டுகள் கழித்துப் பார்க்கிற நமக்குக் கனி தெரிகிறது. நோயுற்றுக் கிடந்த அந்த மனிதருக்கு அன்றைக்கு என்ன தெரிந்திருக்கும்?

ஆகையால் கேட்கிறேன். ஒரு பாடு நம்மை வளர்க்கிறதா, கடினப்படுத்துகிறதா என்பதை, அதற்குள் நின்றுகொண்டிருக்கும்போதே அறிய வழி உண்டா? இன்னொன்றும் கேட்கவேண்டும். ஜெபிக்க முடியாத ஒருத்தி பிள்ளைகளுக்கு ஜெபம் கற்பிப்பது பொய்யல்லவா? வகுப்பை வேறொருவரிடம் கையளித்துவிடலாம் என்று எண்ணுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியை, புளியந்தீவு

அன்பு மகள்,

நீங்கள் எழுதியதை இரண்டு நாட்கள் மனதில் வைத்திருந்த பிறகே எழுதுகிறேன். உடனே ஆறுதல் சொல்ல வருகிறவர்களால் நீங்கள் ஏற்கனவே களைத்திருக்கிறீர்கள்.

உரோமர் 5 இல் பவுல் ‘நாங்கள்’ என்று எழுதுகிறார். அடிபட்ட ஒருவர் தம்மையும் சேர்த்துச் சொன்ன சொல் அது. அடிபடாதவர் வந்து அடிபட்டவரின் வாசலில் நின்று அதைச் சொல்லும்போது, இன்னும் கைக்கு வராத பொறுமையைக் கடனாகக் கேட்பதுபோல ஆகிவிடுகிறது. யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாட்கள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாதிருந்த வரைக்கும் நல்ல சிநேகிதராகவே இருந்தார்கள். அவர்கள் பிழைத்தது பேசத் தொடங்கிய பிறகே.

ஜெபம் வருவதில்லை என்கிறீர்கள். 13 ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்றே அது தொடங்குகிறது. 88 ஆம் சங்கீதமோ கடைசி வசனம் வரை ஆறுதல் ஒன்றும் இல்லாமலே முடிகிறது. தொகுத்தவர்கள் அதை நீக்கிவிட்டிருக்கலாம். நீக்காமல், பாடுவதற்கென்றே வைத்தார்கள். முறையிடுதல் ஜெபத்தின் குறைபாடன்று, ஜெபத்தில் ஒரு வகை. உங்களிடம் இப்போது இருப்பது அந்த வகை மட்டுமே என்றால், அதையே கொண்டுபோங்கள்.

இனி என் காரியம். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். நாவலடியில் குடியிருந்த என் தங்கையையும் அவளுடைய மூத்த பிள்ளையையும் கடல் கொண்டுபோயிற்று. பிள்ளையின் உடல் கிடைக்கவே இல்லை. அதன்பின் மூன்று ஆண்டுகள் நான் ஆலயத்தில் பாடவில்லை. தவறாமல் போனேன், பின்வரிசை வாங்கில் இருந்தேன், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து கையில் பிடித்திருந்தேன், வாய் திறக்கவில்லை. கர்த்தரோடு கோபம் என்று அதற்குப் பெயர் வைக்கும் துணிவுகூட அப்போது எனக்கு இருக்கவில்லை. அந்த நாட்களில் யாராவது என்னிடம் ஆவிக்குரிய வளர்ச்சியைப் பற்றிக் கேட்டிருந்தால், நான் தேய்ந்துகொண்டிருக்கிறேன் என்றே சொல்லியிருப்பேன்.

தங்கையை இழந்து நாங்கள் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, காத்தான்குடியிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பத்தினர் 9 நாட்கள் தொடர்ந்து சோற்றுப் பார்சல் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களுடைய ஊருக்குள்ளும் கடல் புகுந்திருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டு அம்மாவும் நானும் அதன்பின் உறவுக்காரர் போலவே ஆனோம். நோன்புக் காலத்தில் அங்கிருந்து கஞ்சி வரும்; கிறிஸ்மசுக்கு இங்கிருந்து பலகாரம் போகும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் முஸ்லிம் தீவிரவாதி ஒருவரின் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். என்னிடம் படித்த ஒருத்தியின் வீட்டிலும் சாவு. அதற்குப் பின்வந்த நாட்களில் ஊரில் எந்த மனநிலை இருந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காத்தான்குடிப் பக்கம் போகவேண்டாம், அவர்களிடம் ஒன்றும் வாங்கவேண்டாம் என்று எனக்கு நெருங்கியவர்களே சொன்னார்கள். அந்தக் கசப்பு என் உள்ளத்திலும் இருந்தது. இருக்கவில்லை என்று எழுதினால் பொய்யாகும். மூன்றாம் கிழமை அந்த அம்மா தொலைபேசியில் அழைத்தார். உங்களைப் பார்க்க வரலாமா, நான் வந்தால் அயலவர்களால் உங்களுக்குத் தொந்தரவு வருமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நீங்கள் வரவேண்டாம், நான் வருகிறேன் என்று சொன்னேன். யோசித்துச் சொன்ன பதில் அல்ல அது; வாயிலிருந்து தானாக வந்தது. மறுநாளே போனேன். நாங்கள் பேசியது குறைவு, அழுததே அதிகம்.

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று திரும்பி வரும் வழியெல்லாம் எண்ணிப் பார்த்தேன். கடல் வருமுன் இருந்த நான் அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன்; அப்போது நான் நன்றாகப் பாடுகிறவள், நீளமாக ஜெபிக்கிறவள், ஆனால் மற்றவரின் துக்கத்துக்கு அஞ்சி ஒதுங்குகிறவள். வாய் திறக்காமல் பின்வரிசை வாங்கில் இருந்த அந்த மூன்று ஆண்டுகளில் எனக்குள்ளே ஏதோ ஒன்று வேர்விட்டிருக்கிறது. விதைத்தவன் இரவில் தூங்கிப் பகலில் விழித்திருக்க, அவனுக்குத் தெரியாதவிதமாய் விதை முளைக்கிறது என்று மாற்கு 4 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை அன்றைக்குத்தான் எனக்கென்று வாசித்தேன். இதற்காகவே என் தங்கையும் பிள்ளையும் போனார்கள் என்று மட்டும் நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அப்படி ஒரு கணக்கை நான் ஏற்கவில்லை. தேவன் அப்படிக் கணக்கு எழுதுகிறவர் என்றும் நான் நம்பவில்லை.

எனவே, உள்ளே நின்றுகொண்டிருக்கும்போது அறிய முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு, பெரும்பாலும் முடியாது என்பதே என் மறுமொழி. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். சத்தம் போட்டேன் என்று எழுதிய நீங்கள், அதற்கு அடுத்த வரியில் அவர் அழுதார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடினப்பட்ட மனதுக்கு அந்த அழுகை கண்ணில் பட்டிருக்காது.

மறுமொழி: வேளாண்மைக்காரன், படுவான்கரை

சகோதரிக்கு ஸ்தோத்திரம். நான் உன்னிச்சைக் குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்கிறவன். எனக்குத் தெரிந்ததைக் கொண்டே சொல்கிறேன்.

பயிர் இளமையாய் இருக்கும்போது ஒரு கட்டத்தில் வரம்பில் நீர் போக வெட்டிய வாயான வக்கடையைத் திறந்து, வயலிலுள்ள நீரை வடியவிடுவோம். மேலே நீர் நின்றுகொண்டே இருந்தால் வேர் ஆழம் போகாது. நீர் இறங்கினால் வேரும் அதைத் தேடி இறங்கும். இதைச் சபைகளில் பலர் உவமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதன் மற்றப் பாதியை ஒருவரும் சொல்வதில்லை. எத்தனை நாள் காயவிடலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. மண்ணில் மயிரளவு கோடு விழுந்தால் போதும். உடனே நீர் கட்டவேண்டும். கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டால், அந்த வெடிப்பே வேரை அறுத்துவிடும். களையும் எழும்பிப் பயிரை மூடிவிடும். காய்ச்சல் தானாக ஒரு பயிரையும் வளர்த்ததில்லை. காயவிட்டவன் வரம்பில் நின்று மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதும், சரியான நாளில் வக்கடையைக் கட்டி நீரைத் திருப்புவதுமே வளர்க்கின்றன.

நீங்கள் எழுதியதை வாசிக்கும்போது, உங்கள் வயலில் வெடிப்பு அந்த அளவுக்கு வந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன். 16 மாதங்களாக ஓர் இரவும் முழுமையாகத் தூங்காத ஒருவர், தமக்குப் பொறுமை இல்லை என்று தம் ஆத்துமாவையே குற்றப்படுத்துவது நியாயமல்ல. சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு சாகக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்தான். சாப்பிட்டுத் திரும்பவும் தூங்கவிட்டான். இரண்டாம் முறையும் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவன் அவனோடு பேசிய ஓரேப் மலையும் மெல்லிய சத்தமும் அதற்குப் பிறகே வருகின்றன.

2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் வட்டை, அதாவது வயல்வெளி, முழுவதும் கதிர்ப் பருவத்தில் மூழ்கியது. எஞ்சியதைப் பெப்ரவரியில் வந்த இரண்டாம் வெள்ளம் முடித்தது. எனக்குக் கடனும், மூன்று பிள்ளைகளும், ஒரு மூட்டை விதைநெல்கூட இல்லாத வீடும் மிஞ்சின. அந்த ஆண்டு என் விசுவாசம் எப்படி நின்றது என்று கேட்டால், நான் நிறுத்தவில்லை. எங்கள் சிறு சபையில் வெள்ளத்துக்குத் தப்பிய மேட்டு வயல்காரர் இரண்டு பேர், கேட்காமலே ஆளுக்கு ஒரு மூட்டை விதைநெல்லை என் திண்ணையில் இறக்கிவிட்டுப் போனார்கள். ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்ற வசனத்தை நான் அதுவரை கொடுக்கிறவனாகவே வாசித்திருந்தேன். வாங்குகிறவனாக வாசிப்பது அதைவிடக் கடினம். என் பெருமை உடைந்தது அங்கேதான்.

ஆகவே உங்கள் போதகரிடம் நேராகப் போய், வசனம் சொல்ல ஆட்களை அனுப்பவேண்டாம், கிழமைக்கு இரண்டு இரவு இவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஆட்களை அனுப்புங்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். ஞாயிறு வகுப்பையும் மூன்று மாதங்களுக்கு விட்டுவிடுங்கள் என்பதே என் எண்ணம், பிள்ளைகள் ஓடிப்போகமாட்டார்கள்.

மறுமொழி: மறையாசிரியர், சொறிக்கல்முனை

அன்புள்ள சகோதரிக்கு,

நான் கத்தோலிக்கன், நீங்கள் எல்லோரும் எழுதியவற்றிலிருந்து நானும் கற்றுக்கொண்டேன். வகுப்பைப் பற்றி மட்டும் முன் எழுதிய ஐயாவோடு சிறிது வேறுபடுகிறேன்.

என் தந்தையார் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் இயேசு சபையினரிடம் படித்தவர். அவர்களுடைய சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் 1521 இல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டுபட்டுக் கால் உடைந்தவர். மனம் திரும்பிய பிறகு, மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்த மாதங்களில், தம் பாவங்கள் மன்னிக்கப்படவில்லை என்ற எண்ணத்தால் உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனைவரை போனவர். அந்த இருளிலிருந்து அவர் கற்ற விதிகளில் ஒன்றை எங்கள் தியானங்களில் அடிக்கடி சொல்வார்கள். ஆன்ம வறட்சிக் காலத்தில், முன்பு தெளிவோடு இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பதே அது. தெளிவில் நம்மை நடத்துகிறவர் நல்ல ஆவியானவர். வறட்சியில் நம் காதில் ஆலோசனை சொல்ல முந்துவது வேறொன்று என்பது அவருடைய விளக்கம்.

வறட்சி வருவதற்கு அவர் மூன்று காரணங்களையும் சொல்கிறார். நம் அசட்டையால் வரலாம். ஆறுதல் கிடைக்காதபோதும் நாம் நிற்கிறோமா என்று பரீட்சிக்கப்படுவதால் வரலாம். பக்தி நாம் சம்பாதித்த சொத்தன்று, கொடுக்கப்பட்ட கொடை என்று நாம் அறிவதற்காகவும் வரலாம். நம் ஊர்களில் முதலாவது காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, யார் செய்த பாவமோ என்று கேட்டுவிடுகிறார்கள். பிறவிக் குருடரைக் காட்டிச் சீடர்களே அப்படிக் கேட்டபோது, இவர் செய்த பாவமும் அல்ல, இவரைப் பெற்றோர் செய்த பாவமும் அல்ல என்று ஆண்டவர் மறுத்துவிட்டாரே.

எனவே, உடல் இயலாமல் போனதால் ஓய்வெடுப்பது வேறு. ‘நான் பொய்யள், கற்பிக்கத் தகுதியற்றவள்’ என்ற குற்ற உணர்வால் விலகுவது வேறு. முதலாவது காரணம் என்றால் ஐயா சொன்னபடியே ஓய்வெடுங்கள். இரண்டாவது என்றால், இந்த நாட்களில் முடிவு எடுக்காதீர்கள். ஜெபம் வராத ஒருவர் பிள்ளைகளோடு சேர்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்வது பொய்யாகாது. தனக்கு வராத சொல்லைத் திருச்சபையிடம் இரவல் வாங்குவதாகும். எங்கள் கோவில் திருச்சிலுவையின் பெயரைத் தாங்கியது. பாடுகளின் நாட்களில் அங்கே வந்து, ஒரு செபமும் சொல்லாமல், சிலுவையின் அடியில் இருந்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் செபிக்கவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

உங்கள் கணவரைப் பற்றி ஒன்று. என் மூத்த சகோதரரும் இப்படியே பக்கவாதத்தால் பேச்சிழந்தார். பேச்சை இழந்தவர்களில் சிலருக்குப் பழகிய பாட்டு வாயில் வரும் என்றும், பேச்சுக்கு இடப்பக்க மூளை முக்கியம் என்றாலும் இராகத்துக்கு வலப்பக்க மூளையும் துணைசெய்கிறது என்றும் அவரைப் பார்த்த வைத்தியர் சொன்னார். நாங்கள் சிறுவயதிலிருந்து பாடிய மாதா பாட்டை அவருக்கருகில் இருந்து பாடினோம். பல நாட்கள் சென்று இரண்டாம் அடியில் சேர்ந்துகொண்டார். எல்லோருக்கும் வரும் என்று சொல்லமுடியாது, முயன்று பாருங்கள். உங்களுக்கும் ஒரு சொல்: கிடைக்கும் நேரத்திலும் தூக்கம் வராமல், சாப்பாடு வெறுத்து, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எழுமானால், அதை விசுவாசக் குறைவென்று மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: கல்லடிச் சகோதரி

மூவருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாட்கள் சென்றுவிட்டன.

போதகர் ஐயாவிடம் கேட்டேன். சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. செவ்வாயும் வெள்ளியும் இரவில் வாலிபர் இருவர் மாறி மாறி வருகிறார்கள். போன வெள்ளி நான் ஆறு மணித்தியாலம் தூங்கினேன். விழித்தபோது முதலில் பயந்துபோனேன்; பிறகு வெகுநேரம் அழுதேன். வகுப்பைப் பற்றி இன்னும் முடிவு எடுக்கவில்லை. மறையாசிரியர் கேட்ட கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். என்னிடம் இரண்டு காரணங்களும் கலந்தே இருக்கின்றன. ஆகையால் இந்த மாதம் மற்ற ஆசிரியை பாடம் நடத்த, நான் பிள்ளைகளோடு வாங்கில் இருக்கிறேன்.

கோப்பைக்காகச் சத்தம் போட்டதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தார். நான் அவ்வளவு நாள் அதைச் சுமந்திருந்தது அவருக்கு வியப்பாக இருந்தது போலும்.

பாட்டு இன்னும் வரவில்லை. இரவில் பாயை விரித்து, அவருக்குப் பிடித்த கீர்த்தனையை நானும் பிள்ளைகளும் பாடுகிறோம்; அவர் உதடுகளைப் பார்த்துக்கொண்டே பாடுகிறோம். நேற்று 13 ஆம் சங்கீதத்தை வாசித்தேன். நான்காம் வசனத்தோடு வேதபுத்தகத்தை மூடப்போனேன். ஐந்தாம் வசனத்தில் கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்று வருகிறது, அதை என் வாயால் சொல்ல மனம் இடங்கொடுக்கவில்லை. அவர் இடக்கையை நீட்டிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். விரலால் ஐந்தாம் வசனத்தைத் தொட்டு, என்னைப் பார்த்தார். அவருக்காக வாசித்தேன்.